நிதி திரட்டும் தளத்தில் முடங்கிய பணத்தை மீட்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

இணையத்தில் தொடங்கிய நிதி திரட்டுப் பக்கத்தில் இலக்கு நிறைந்துவிட்டது, பணம் மட்டும் கைக்கு வரவில்லை. இந்த நிலையில் சிக்கியவர்கள் முதலில் செய்வது தளத்தின் உதவி எண்ணை அழைப்பதுதான். ஒவ்வொரு நாளும் வேறொருவர் பேசுவார், பதில் மட்டும் மாறாது: "உங்கள் கோரிக்கை பரிசீலனையில் இருக்கிறது." ஒரு மாதம் இப்படியே ஓடிவிடும். ஓடிய மாதத்தில் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூடச் சேர்ந்திருக்காது.

பணம் இப்போது யாருடைய கணக்கில் நிற்கிறது, எந்த விதியின் பேரில் நிற்கிறது என்ற இரண்டுக்கும் எழுத்தில் பதில் வாங்கியாக வேண்டும். அதுவரை எந்த அலுவலகத்துக்குப் போனாலும் திருப்பி அனுப்புவார்கள். பதில் கையில் வந்துவிட்டால், பல வழக்குகள் நுகர்வோர் ஆணையத்தின் படியேறாமலே தீர்ந்துவிடும்.

இந்தியாவில் மருத்துவச் செலவுக்காக நிதி திரட்டியவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கல்விக்காகத் திரட்டியவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். இந்தியத் தளங்களின் பெயர் எதையும் சொல்லப்போவதில்லை. நடைமுறை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதல் வேலை: பக்கம் மறைவதற்குள் ஆதாரத்தைச் சேமியுங்கள்

தகராறு என்று தெரிந்ததும் சில தளங்கள் திரட்டுப் பக்கத்தை மூடிவிடுகின்றன. கணக்குக்குள் நுழைய முடியாமலும் போகலாம். ஆகவே புகார் எழுதுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

திரட்டுப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை, இணைய முகவரியும் தேதியும் தெரியும்படி பிடிஎஃப் ஆக்குங்கள். நன்கொடையாளர் பட்டியல், உங்கள் கணக்கில் தெரியும் வரவு செலவு, பணம் எடுக்கக் கோரிய தேதி, "நிராகரிக்கப்பட்டது" என்று வந்த செய்தி ஒவ்வொன்றுக்கும் படம் தேவை. தளத்தின் விதிமுறைகளையும் இன்றைய தேதியில் இறக்கி வையுங்கள். அடுத்த மாதம் அவை இதே வடிவில் இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. தளத்தின் ஊழியர் வாட்ஸ்அப்பில் பேசியிருந்தால் அந்த உரையாடல் முழுவதையும் ஏற்றுமதி செய்துவிடுங்கள். அந்த ஊழியர் வேலையை விட்டுப் போய்விட்டால் அவர் கொடுத்த வாக்கைக் காட்ட வேறு சாட்சி இருக்காது.

தளம் உங்களிடம் பிடித்த கட்டணத்துக்கான ரசீது மிக முக்கியம். ஏன் என்று நுகர்வோர் ஆணையத்தைப் பற்றிச் சொல்லும்போது புரியும்.

நீதிமன்றத்தில் இந்த மின்னணு ஆவணங்களைக் கொடுக்க பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின் கீழ் ஒரு சான்றிதழ் வேண்டும். பழைய சட்டத்தில் அது 65பி. வழக்கு என்று வரும்போது வழக்கறிஞர் தயாரித்துக் கொடுப்பார். மூலக் கோப்பு எந்த போனில், எந்தக் கணினியில் இருக்கிறதோ அதை விற்றுவிடாமல், அழித்துவிடாமல் வைத்திருப்பது உங்கள் பொறுப்பு.

தொலைபேசியில் பேசுவதைத் தவிர்க்க முடியாவிட்டால், பேசி முடித்த கையோடு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்: "இன்று காலை 11 மணிக்கு உங்கள் ஊழியர் இன்ன காரணம் சொன்னார். தவறாக இருந்தால் திருத்தித் தெரிவிக்கவும்." மறுப்பு வராவிட்டால் அதுவே ஓர் ஆவணம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. தளத்தின் உதவி எண்ணைத் தேடுபொறியில் தேடாதீர்கள். போலி எண்களைப் பரப்பி வைத்துக் காத்திருக்கும் கும்பல்கள் இருக்கின்றன. "முடங்கிய பணத்தை விடுவிக்க ஐயாயிரம் கட்டுங்கள்" என்று கேட்பவர், ஓடிபி கேட்பவர், திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்பவர் எவராக இருந்தாலும் திருடர்தான். எண்ணைத் தளத்தின் சொந்தப் பக்கத்திலிருந்து மட்டும் எடுங்கள்.

பணம் எங்கே நிற்கிறது?

நன்கொடையாளர் யுபிஐயிலோ அட்டையிலோ செலுத்தும் பணம் நேரே உங்களிடம் வருவதில்லை. முதலில் பேமென்ட் கேட்வே எனப்படும் இடைநிலை நிறுவனத்துக்குப் போகிறது. அங்கிருந்து தளத்தின் கணக்குக்கோ, தளம் நடத்தும் அறக்கட்டளையின் கணக்குக்கோ வருகிறது. அதன் பிறகே உங்களுக்கோ மருத்துவமனைக்கோ செல்கிறது. இந்த ஒவ்வொரு இடத்திலும் நிற்க வாய்ப்புண்டு.

தளம் "அனுப்பிவிட்டோம்" என்று சொன்னால் யுடிஆர் எண்ணை, அதாவது ஒவ்வொரு வங்கிப் பரிமாற்றத்துக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணைக் கேளுங்கள். நெஃப்டில் 16 எழுத்துகளும் எண்களும் கலந்து இருக்கும், ஆர்டிஜிஎஸ்ஸில் 22, ஐஎம்பிஎஸ்ஸில் 12 இலக்கம். அந்த எண் இல்லாமல் "அனுப்பிவிட்டோம்" என்பது வெறும் பேச்சு. எண் கிடைத்தால் உங்கள் வங்கிக் கிளைக்கு எடுத்துச் செல்லுங்கள். வந்து திரும்பிப் போனதா, வரவே இல்லையா என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். கணக்கில் சேராத ஐஎம்பிஎஸ், யுபிஐ பரிமாற்றத்தை அடுத்த நாளுக்குள் திருப்பாவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் உத்தரவு.

பணம் திரும்பிப் போவதற்குப் பலருக்கும் தெரியாத காரணம் ஒன்று உண்டு. முழு ஆவணங்கள் இல்லாமல் தொடங்கிய வங்கிக் கணக்கு "சிறு கணக்கு" என்ற வகையில் சேரும். அதில் ஓர் ஆண்டில் மொத்தம் ஒரு லட்சத்துக்கு மேல் வரவு வைக்க முடியாது, இருப்பு ஐம்பதாயிரத்தைத் தாண்டக் கூடாது. வீட்டில் உட்கார்ந்தபடி ஆதார் ஓடிபி மூலம் மட்டும் தொடங்கிய கணக்குக்கு வரம்பு ஆண்டுக்கு இரண்டு லட்சம். நான்கு லட்சத்தை அந்தக் கணக்குக்கு அனுப்பினால் நிற்காது. இதற்குத் தளத்தைத் திட்டிப் பயனில்லை. கிளைக்குப் போய் முழு கேஒய்சி (அடையாள, முகவரி ஆவணங்கள்) கொடுத்துக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

மருத்துவமனையிலும் பணம் நிற்கலாம். தளம் மூன்று லட்சத்தை நேரடியாக மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கும். இறுதிப் பில் இரண்டு லட்சத்து இருபதாயிரம். அல்லது இடையில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு பகுதி கிடைத்திருக்கும். மிச்சம் எண்பதாயிரம் நோயாளியின் முன்பணக் கணக்கில் கிடக்கிறது. வந்த இடத்துக்கே திருப்புவோம் என்கிறது மருத்துவமனை, எங்களிடம் வரவில்லை என்கிறது தளம். இங்கே பில்லிங் கவுன்ட்டரில் நின்று வாதாடாமல், கணக்குப் பிரிவிடமிருந்து நோயாளியின் பெயரிலான முழு வரவு செலவுப் பட்டியலை முத்திரையுடன் வாங்குங்கள். அந்த ஒரே தாளை இரு தரப்புக்கும் அனுப்பினால், யார் கையில் பணம் இருக்கிறது என்பதில் விவாதம் மிஞ்சாது.

பிடித்தமா, முடக்கமா?

சிலர் முடங்கிவிட்டது என்று நினைப்பது உண்மையில் கட்டணப் பிடித்தம். ஐந்து லட்சம் திரண்டது என்று வைத்துக்கொள்வோம். தளக் கட்டணம் 5 விழுக்காடு என்றால் 25,000. பேமென்ட் கேட்வே 3 விழுக்காடு என்றால் 15,000. இந்த நாற்பதாயிரத்தின் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி 7,200. மொத்தம் 47,200 போக, வர வேண்டியது 4,52,800. உங்கள் தளத்தின் விகிதங்களைப் போட்டுக் கணக்கிட்டுப் பாருங்கள். கணக்குக்கு மேல் பிடித்திருந்தால், பெரும்பாலும் "விளம்பரச் செலவு" என்ற பெயரில்தான் போயிருக்கும். அதற்கு நீங்கள் எப்போது, எந்த வடிவில் சம்மதித்தீர்கள் என்று காட்டச் சொல்லுங்கள். ஐசியூ வாசலில் நிற்கும் ஒருவரிடம் போனில் "சரி" என்று சொல்ல வைத்துவிட்டு அதைச் சம்மதம் என்பது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை. எழுத்தில் காட்டச் சொன்னால் குறைக்க முன்வருவார்கள்.

சரிசெய்யக் கூடிய காரணங்கள்

பெயர்ப் பொருத்தம்தான் நம்மவர்களுக்கு முதல் தடை. முருகேசன் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். ஆதாரில் "முருகேசன் சு". பான் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கட்டாயம் என்பதால், அப்பாவின் பெயர் அங்கே போய் உட்கார்ந்து "சுப்பையா முருகேசன்" ஆகிவிட்டது. வங்கிப் புத்தகத்தில் "எஸ். முருகேசன்". மருத்துவமனைச் சீட்டில் அவசரத்தில் எழுதிய "முருகேஷ்". ஊருக்கு ஒரே ஆள், கணினிக்கு நால்வர். தளம் உங்கள் கணக்குக்கு ஒரு ரூபாய் அனுப்பிப் பார்க்கும்போது வங்கியிலிருந்து திரும்பும் பெயரும் பதிவில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் கோரிக்கை தானாகவே நின்றுவிடும். இதைப் பார்த்து முடிவெடுக்க அங்கே மனிதர் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை.

வழி இதுதான். நான்கு பெயர்களையும் குறிப்பிட்டு "இவர்கள் அனைவரும் ஒருவரே" என்று முத்திரைத்தாளில் நோட்டரி சான்றுடன் ஒரு பிரமாணப் பத்திரம். வங்கி மேலாளரிடமிருந்து, கணக்கு எண்ணையும் பான் எண்ணையும் சேர்த்துக் குறிப்பிடும் கடிதம். பெயர் அச்சிட்ட ரத்து செய்த காசோலை. மருத்துவமனைப் பதிவில் பெயரைத் திருத்திய சீட்டு. இவற்றை ஒரே பிடிஎஃப் ஆக்கி ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஒவ்வொன்றாக அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் புதிதாகப் பரிசீலனை தொடங்கும்.

அடுத்தது மருத்துவமனைச் சரிபார்ப்பு. எஸ்டிமேட் கடிதத்தில் உள்ள எண்ணைத் தளம் அழைக்கிறது, அங்கே யாரும் எடுப்பதில்லை அல்லது தகவல் தர மறுக்கிறார்கள். நோயாளியின் விவரத்தைத் தளத்துக்குத் தெரிவிக்க ஒப்புதல் தருகிறேன் என்று மருத்துவமனைக்கு ஒரு கடிதம் கொடுத்து, ஒப்புகை வாங்கி, யாரிடம் எந்த எண்ணில் பேச வேண்டும் என்பதைத் தளத்துக்கு நீங்களே எழுதுங்கள்.

நகையை அடகு வைத்து, கடன் வாங்கிப் பில்லைக் கட்டி வீட்டுக்கு வந்துவிட்டவர்களுக்கு வேறு சிக்கல். "மருத்துவமனைக்கு மட்டுமே தருவோம், அங்கே பாக்கி இல்லையே" என்று தளம் சொல்லும். டிஸ்சார்ஜ் சம்மரி, பில், பணம் கட்டிய ரசீது மூன்றையும் சேர்த்து, கட்டியது யார் பணம் என்று காட்டும் வங்கிப் பதிவையோ அடகுச் சீட்டையோ இணைத்து, செலவு ஈடாகக் கேளுங்கள். தொடர் சிகிச்சை இருந்தால் மருத்துவரிடம் எழுதி வாங்கிய செலவு மதிப்பீட்டையும் சேருங்கள்.

நோயாளி இறந்துவிட்டால் கேள்வி கடினமாகிறது. நன்கொடை சிகிச்சைக்காகக் கொடுக்கப்பட்டது. ஆகவே மருத்துவமனைப் பாக்கியும், சிகிச்சைக்காக வாங்கிய கடனும் நீங்கள் உறுதியாகக் கோரக் கூடியவை. அதற்கு மேல் மிஞ்சுவது, தளத்தின் விதிமுறையில் எழுதியிருப்பதைப் பொறுத்தது. சில தளங்கள் கொடுத்தவர்களுக்குத் திருப்பும், சில வேறு நோயாளிக்கு மாற்றும். நன்கொடையாளர்களிடம் சம்மதம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பும்படி தளத்தைக் கேட்கலாம். கணக்கு இறந்தவர் பெயரில் இருந்தால் இறப்புச் சான்றிதழோடு வாரிசுச் சான்றிதழும் வேண்டும். தமிழ்நாட்டில் ஈ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்தால் தாசில்தார் அலுவலகத்திலிருந்து கிடைக்கும்.

திரட்டியவர் ஒருவர், பயனாளி வேறொருவர் என்றால் தளம் இருவர் கையெழுத்தையும் கேட்கும். குடும்பத்தில் மனக்கசப்பு இருந்தால் முதலில் அதைப் பேசி முடியுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாக எழுதினால், பணத்தைத் தராமல் இருக்கத் தளத்துக்கு அதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

வெளிநாட்டுப் பணம்

லண்டன், டொராண்டோ உறவினர்களும் நண்பர்களும் கொடுத்த தொகை மட்டும் தனியாக நிற்பதைப் பார்க்கலாம். காரணம் 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் வெளிநாட்டில் சம்பாதித்த சொந்தப் பணத்தைக் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரே பிரிட்டன் அல்லது கனடாக் குடியுரிமை பெற்றுவிட்டால், பிறந்த ஊர் மதுரையாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்தான். ஆகவே நிற்கும் தொகையை யார் யார் கொடுத்தது என்று பட்டியல் கேட்டு, இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களின் நகலை இணைத்து அந்தப் பகுதியை மட்டும் விடுவிக்கக் கோருங்கள். உறவினர் என்ற வரையறைக்குள் வருபவரிடமிருந்து பெறுவதற்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. ஆண்டுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டினால் மத்திய உள்துறைக்குத் தகவல் தெரிவிக்க வேண்டும். மீதிப் பணத்தைக் கொடுத்தவருக்கே திருப்பச் சொல்வதுதான் பாதுகாப்பு. இதில் தளத்தோடு சண்டை போட வேண்டாம், அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கக் கூடும்.

கோஃபண்ட்மீ போன்ற வெளிநாட்டுத் தளத்தில் அங்குள்ள உறவினர் தொடங்கிய திரட்டு என்றால், தஞ்சாவூர்க் கணக்குக்கோ யாழ்ப்பாணக் கணக்குக்கோ அது நேரடியாகப் பணம் அனுப்பாது. அங்குள்ளவர் தம் கணக்கில் பெற்று, வங்கி வழியாக அனுப்ப வேண்டும். உண்மையான பயனாளி யார், பணம் எப்படிப் போய்ச் சேரும் என்பதைத் திரட்டுப் பக்கத்திலேயே எழுதாமல் விட்டதால்தான் அத்தகைய திரட்டுகளில் பல பரிசீலனையில் மாட்டுகின்றன. முதலில் அதைத் திருத்துங்கள்.

குறைதீர் அலுவலருக்கு எழுதும் கடிதம்

ஆவணங்கள் எல்லாம் கொடுத்தும் அசைவில்லை என்றால், உதவி எண்ணை விட்டுவிட்டுக் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். தளத்தின் அடிப்பகுதியில் அவருடைய பெயரும் மின்னஞ்சலும் இருக்க வேண்டும். 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இடைத்தரகர் (பிறர் பதிவதை வெளியிடும் இணைய நிறுவனம்) என்ற நிலையில் உள்ள தளம் 24 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதை ஒப்புக்கொண்டு, 7 நாளில் தீர்க்க வேண்டும் (2026 பிப்ரவரி திருத்தத்துக்கு முன் 15 நாள்). 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரமும் ஒரு மாதமும். தளம் தன்னை எந்த வகை என்று சொல்லிக்கொண்டாலும் சரி, இரண்டையும் குறிப்பிடுங்கள்.

கடிதத்தில் உருக்கம் வேண்டாம். நோயின் கதையைத் திரட்டுப் பக்கத்தில் சொல்லியாகிவிட்டது. இங்கே எண்ணும் தேதியும் போதும். ஏறக்குறைய இப்படி:

"என் திரட்டு எண் இது. இன்ன தேதியில் தொடங்கி இன்ன தேதிவரை ரூ. 5,00,000 திரண்டது. உங்கள் கட்டணம் போக ரூ. 4,52,800 எனக்கு வர வேண்டும். இன்ன தேதியில் பணம் கோரினேன். நீங்கள் கேட்ட ஆவணங்களை இன்னின்ன தேதிகளில் அனுப்பினேன், நகல்கள் இணைப்பில். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளில் தொகையை என் கணக்கில் செலுத்துங்கள். அல்லது எந்த விதிமுறையின் எந்தப் பிரிவின்படி, என்ன காரணத்துக்காக நிறுத்தியிருக்கிறீர்கள், பணம் இப்போது எந்த வங்கியில் எந்தக் கணக்கில் இருக்கிறது, விடுவிக்க இன்னும் என்ன ஆவணம் தேவை என்று எழுத்தில் தெரிவியுங்கள். திரட்டின் முழு வரவு செலவு அறிக்கையையும் அனுப்புங்கள்."

இதை ஆங்கிலத்தில் அனுப்பினால் விரைவாக நகரும். நன்கொடையாளர்களில் தெரிந்தவர்கள் பத்துப் பேரையாவது "நான் கொடுத்த தொகை பயனாளிக்குச் சென்றதா?" என்று தளத்துக்குத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். தளங்கள் அஞ்சுவது கொடுப்பவர்களுக்குத்தான், பெறுபவர்களுக்கு அல்ல.

ஆனால் கோபத்தில் அவர்களை வங்கிக்குப் போய் அட்டைப் பரிமாற்றத்தைத் திரும்பப் பெறச் சொல்லாதீர்கள். பணம் அவர்களுக்குத்தான் போகும், உங்களுக்கு வராது. அதோடு, திரும்பப் பெறும் கோரிக்கைகள் பல ஒரே நேரத்தில் வந்தால் மோசடித் திரட்டு என்று சந்தேகித்து மீதியையும் பேமென்ட் கேட்வே நிறுத்திவிடும். சமூக ஊடகத்தில் எழுதுவதானாலும் தேதி, தொகை, பதில் வராதது இந்த மூன்றோடு நிறுத்துங்கள். "திருடர்கள்" என்று எழுதி அவதூறு நோட்டீஸ் வாங்கிக்கொள்ள வேண்டாம்.

1915, ரிசர்வ் வங்கி

கெடு முடிந்ததும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. காலை 8 முதல் இரவு 8 வரை, தமிழிலும் பேசலாம். 8800001915 என்ற வாட்ஸ்அப் எண்ணும் உண்டு. அவர்கள் உத்தரவு போட முடியாது, புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். அவ்வளவுதானா என்று ஒதுக்கிவிடாதீர்கள். உதவி எண்ணில் மாதக்கணக்கில் கிடைக்காத காரணம், இந்த வழியில் எழுத்துப் பதிலாக வந்து சேர வாய்ப்பிருக்கிறது. அந்தப் பதில்தான் நமக்கு வேண்டியது.

ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாமா என்று பலரும் கேட்கிறார்கள். நிதி திரட்டும் தளம் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனம் அல்ல என்றால், தளத்தின் மேல் கொடுக்கும் புகார் அங்கே நிற்காது. உங்கள் வங்கி மீதோ, உரிமம் பெற்ற பேமென்ட் நிறுவனத்தின் மீதோ குறை இருந்தால் வழி உண்டு. முதலில் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் புகார், 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற புகார் இணையதளத்தில் இலவசமாகப் பதியலாம். விளக்கம் கேட்க 14448. பேமென்ட் நிறுவனம் திரட்டும் பணத்தை வங்கியில் எஸ்க்ரோ என்ற தனிக் கணக்கில்தான் வைக்க வேண்டும் என்று 2020 மார்ச்சிலேயே ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. பணம் "கேட்வேயில் நிற்கிறது" என்று தளம் சொன்னால் அந்த நிறுவனத்தின் பெயரைக் கேட்டு, அதன் குறைதீர் அலுவலருக்கு நேரே எழுதுங்கள். தளம் சொன்னது உண்மையா என்பது அந்த ஒரு பதிலில் தெரிந்துவிடும்.

வக்கீல் நோட்டீஸ்

நோட்டீஸ் எந்த நிறுவனத்தின் பெயருக்குப் போக வேண்டும் என்பதில் கவனம் தேவை. தளத்தின் பெயர் ஒன்றாகவும், பின்னால் உள்ள பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தின் பெயர் வேறாகவும் இருக்கும். பணம் வாங்கிய அறக்கட்டளை இன்னொரு பெயரில் இருக்கலாம். விதிமுறைப் பக்கத்தின் கடைசியிலும் கட்டண ரசீதிலும் சட்டப்பூர்வப் பெயர் இருக்கும். மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் அந்தப் பெயரைப் போட்டால் பதிவு அலுவலக முகவரி கிடைக்கும். எல்லோரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். பதிவுத் தபால் 2025இல் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டதால், விரைவுத் தபாலில் சேர்ப்புச் சான்றுடன் அனுப்ப வேண்டும். மின்னஞ்சலிலும் ஒரு நகல் போகட்டும். 15 நாள் கெடு வழக்கமானது.

வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதி இல்லையா? பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமான வரம்புக்கு உட்பட்டவர்கள் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும், தொலைபேசி 15100. வழக்குப் போடுவதற்கு முன்பே லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்க்கவும் அங்கே மனுக் கொடுக்கலாம். அங்கே ஏற்படும் தீர்வுக்கு நீதிமன்றத் தீர்ப்பின் பலம் உண்டு. மேல்முறையீடும் கிடையாது.

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்

தளத்தின் அலுவலகம் மும்பையிலோ பெங்களூரிலோ இருக்கும். விதிமுறையில் "பெங்களூரு நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம்" என்றோ, நீதிமன்றத்துக்கு வெளியே தனி நடுவர் மூலமே தீர்க்க வேண்டும் என்றோ எழுதியிருக்கும். அதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 34ஆம் பிரிவின்படி, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். நடுவர் விதி இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடாது என்று எம்மார் எம்ஜிஎஃப் வழக்கில் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது.

நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். சிக்கல் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும். எந்த ஆணையம் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் கோரும் தொகை அல்ல, சேவைக்குக் கொடுத்த விலை. அது 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். அந்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் புகார் பதியக் கட்டணமே கிடையாது. திரண்ட தொகையை வைத்துக் கணக்கிட வேண்டும் என்று பதிவகம் சொன்னாலும், பத்து லட்சம் வரை 200 ரூபாய், இருபது லட்சம் வரை 400 ரூபாய், அதற்கு மேல் ஐம்பது லட்சம் வரை 1,000 ரூபாய்தான். அதற்காக அங்கே சண்டை வேண்டாம், கட்டிவிட்டு நகருங்கள்.

தளம் எடுத்து வைக்கப்போகும் முதல் வாதம் இது: "நாங்கள் இலவசச் சேவை தருகிறோம், இவர் நுகர்வோரே அல்ல." சட்டம் இலவசச் சேவையை உண்மையிலேயே விலக்கி வைத்திருக்கிறது. வழக்கு நிற்பதும் விழுவதும் இந்த இடத்தில்தான். கட்டண ரசீதைப் பத்திரமாக வையுங்கள் என்று முதலிலேயே சொன்னது இதற்காக. கட்டணம் இல்லாமல், நன்கொடையாளர்களிடம் "டிப்ஸ்" வாங்கும் தளம் என்றால், அந்த டிப்ஸ் தொகையைக் காட்டும் நன்கொடையாளர் ரசீதுகள் நாலைந்தை வாங்கி இணையுங்கள். சேவையை அமர்த்தியவர் மட்டுமல்ல, அவர் ஒப்புதலோடு அதன் பயனைப் பெறுபவரும் நுகர்வோரே என்று 2(7) பிரிவு சொல்கிறது. நோயாளியையும் மனுதாரராகச் சேர்ப்பது நல்லது.

அசல் தொகை, நிறுத்திய நாளிலிருந்து வட்டி, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். சிகிச்சை நடந்துகொண்டிருந்தால் 38(8) பிரிவின் கீழ் இடைக்கால உத்தரவுக்கான மனுவையும் கூடவே போடுங்கள். எந்தச் சர்ச்சையும் இல்லாத பகுதியை மருத்துவமனைக்கு உடனே செலுத்தும்படி கேட்டால் ஆணையம் செவிசாய்க்க வாய்ப்பு கூடுதல்.

எதிர்தரப்புக்குப் பதில் தர 30 நாள், கூடுதலாக 15 நாள். அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்பது 2020இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொன்னது. சட்டம் மூன்று மாதத்தில் முடிக்கச் சொல்கிறது, நடைமுறையில் அதைவிட வெகு காலம் பிடிக்கும். நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததும் தளத்தின் வழக்கறிஞர் சமரசத்துக்கு அழைத்தால் பேசுங்கள். பணம் கணக்கில் ஏறாமல் "முழுத் தீர்வு" என்ற தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

உத்தரவு கிடைத்தும் தராவிட்டால் நிறைவேற்ற மனு. உத்தரவை மீறினால் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 72ஆம் பிரிவு சொல்கிறது. தளம் மேல்முறையீடு செய்ய 45 நாள் உண்டு, உத்தரவிட்ட தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் செய்ய முடியும்.

நுகர்வோர் அல்ல என்று ஆணையம் முடிவு செய்துவிட்டால் உரிமையியல் நீதிமன்றத்தில் பண மீட்பு வழக்கு. மூன்று ஆண்டு காலவரம்பு உண்டு. நீதிமன்றக் கட்டணம் தமிழ்நாட்டில் கோரும் தொகையில் 3 விழுக்காடு.

போலீசுக்கு எப்போது?

தளமே போலி, நிறுவனம் காணாமல் போய்விட்டது, உங்கள் பணத்தை வேறொருவர் கணக்குக்கு மாற்றிவிட்டார்கள் என்று தெரிந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் 1930ஐ அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியுங்கள். நம்பிக்கை மோசடி, புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவு, ஏமாற்றுதல் 318ஆம் பிரிவு.

வெறும் தாமதத்துக்குக் குற்றப் புகார் கொடுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. விசாரணைக்காகப் போலீஸ் அந்தக் கணக்கையே முடக்கினால், தளம் தர நினைத்தாலும் தர முடியாத நிலை வரும். பிறகு பணத்தை விடுவிக்க மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு நடக்க வேண்டியிருக்கும்.

பணம் வந்த பிறகு

கணக்கில் ஏறியதும் தளத்திடமிருந்து இறுதி வரவு செலவு அறிக்கையையும் ஜிஎஸ்டி ரசீதையும் வாங்கிவிடுங்கள். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓர் ஆண்டில் ஐம்பதாயிரத்துக்கு மேல் பெறும் தொகை வருமான வரிக் கணக்கில் கேள்விக்குள்ளாகும். மருத்துவமனை ரசீதுகளோடு ஆடிட்டரைப் பார்த்து, அந்த ஆண்டின் கணக்கில் எப்படிக் காட்டுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். திரட்டுப் பக்கம் இன்னும் திறந்திருந்தால் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று அதிலேயே பதிந்துவிட்டுப் பக்கத்தை மூடச் சொல்லித் தளத்துக்கு எழுதுங்கள். திறந்தே கிடக்கும் பக்கத்தில் பிறகு வரும் சிறு தொகைகள்தான் அடுத்த தகராறுக்கு விதை.